எதுவும் நடக்காத இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதுவும் நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு மையத்துக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் அவர் நடந்ததைச் சொல்லத்தான் அங்கே போய்க்கொண்டிருந்தார். அவர் சொல்ல வந்ததும் அவர்கள் கண்டுபிடித்ததும் ஒரே அறையில், ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் நடந்தன. இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

நடந்தது இதுதான். நான்கு வருடம் முன்பு, பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில் அவர் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். அவருடைய மேற்பார்வையாளரும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தார். மெக்கானிக்குக்கு அப்போது முப்பத்தாறு வயது. இரும்புக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. இப்படிப்பட்ட ஆளை யார் என்ன செய்துவிட முடியும் என்று மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் கேட்டார்கள். பதில் வேண்டிக் கேட்ட கேள்வி இல்லை அது. ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாமல், போய் வேலையைப் பாருய்யா என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் போய் வேலையைப் பார்த்தார்.

வீட்டில் அவர் கூடத்தில் தனியாகப் படுக்க ஆரம்பித்தார். மனைவி பின்னாலிருந்து தோளைத் தொட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் நொடியில் படித்துவிடுவாள். புருஷனைத்தான் படிக்க முடியவில்லை. வேறு பெண் என்று முதல் வருடம் நினைத்தாள். நோய் என்று இரண்டாம் வருடம். அதற்கப்புறம் என்ன நினைத்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான்காம் வருடத் தொடக்கத்தில் மருந்துக்கடைக்காரர் வெளியூரில் ஒரு கிளை திறக்கப்போவதாகவும், அதை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வருடக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்றாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, நான் இங்கயே இருந்துடறேன். சொல்லலைன்னா நான் போறேன். சும்மா ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி எத்தன நாளுக்கு?" என்றாள் அவரிடம்.

அவர் சொல்லத்தான் பார்த்தார். வாய் திறக்கும், முதல் வார்த்தை வராது. எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அந்த வாரம் ஓர் அலுவலக லிஃப்டைப் பழுது பார்க்கும்போது உள்சுவரில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தார். 'பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண்களே, பேசுங்கள். நாங்கள் கேட்கிறோம்.' முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் வீட்டில் சொல்வது சுலபமாகிவிடும் என்று கணக்குப் போட்டார். தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆள்தான் தப்பு.

ஆய்வு மையம் ஏழாவது மாடியில் இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவர், வந்தவரின் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகப் பெயர் கேட்பதில்லை. எண் கொடுத்தார். நூற்றுப் பதினேழு. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது: "பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண்கள் ஆய்வுக்கு வந்திருக்கும் நூற்றுப் பதினேழு, உடனடியாக ரகசிய அறைக்கு வரவும்!" கீழே ஆறாவது மாடியில் இருந்த காப்பீட்டு அலுவலகத்தில்கூட நான்கு பேர் எழுந்து நின்றார்களாம்.

ரகசிய அறையின் நாலு சுவரும் கண்ணாடி. உள்ளே தனியாக இருப்பவர்களின் பாதுகாப்புக்காக வெளியிலிருந்து பார்க்க வசதி வேண்டும் என்பது பாதுகாப்புக் குழுவின் முடிவு. வெளியிலிருந்து பார்க்கக் கூடாது என்பது ரகசியக் குழுவின் முடிவு. இரண்டு குழுவையும் மதித்து, கண்ணாடியில் 'பார்க்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

உள்ளே மூத்த ஆய்வாளர் இருந்தார். நல்ல மனிதர். மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

"போலீஸ்ல புகார் எழுதின பேப்பர் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அவங்க எழுதிக்கல சார்."

"ஆஸ்பத்திரி சர்டிபிகேட்?"

"போகல சார். எப்படிப் போறது?"

"அப்போ உங்களுக்கு எதுவும் நடக்கல."

"நடந்துச்சு சார்."

"நடந்திருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலையே. ஆய்வுப்படி நடக்கலைன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற." அவர் கைக்குட்டைப் பெட்டியை மூடினார். "பாதிக்கப்பட்டவர்னா யாருன்னு எங்களுக்கு ஒரு வரையறை இருக்கு. ரெண்டு பேப்பர்ல ஒண்ணாவது இருக்கணும். இல்லைன்னா வர்றவங்க எல்லாரும் எனக்கும் நடந்துச்சு, எனக்கும் நடந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க."

"அதத்தான சார் நோட்டீஸ்ல சொல்லச் சொன்னீங்க?"

"நோட்டீஸ் மக்கள் தொடர்புப் பிரிவு போட்டது."

மெக்கானிக் எழுந்தார். மூத்த ஆய்வாளர் பதறிப்போய் அவரை உட்கார வைத்தார். "எங்க கிளம்பிட்டீங்க? உங்கள மாதிரி ஆள்தான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். பாதிக்கப்பட்டவங்க எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எதுவும் நடக்காத ஆம்பளைங்களோட வெச்சுப் பார்த்தாத்தானே தெரியும்? அதுக்குத்தான் ஒப்பீட்டுக் குழு. அதுல உங்களச் சேர்த்துக்கறேன்."

"பாதிக்கப்பட்டவங்க எத்தன பேர் சார் வந்திருக்காங்க?"

"இதுவரைக்கும் யாரும் வரல," என்றார் ஆய்வாளர் பெருமூச்சோடு. "ஆம்பளைங்க வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. அதுதான் எங்களோட பெரிய பிரச்சினை."

மெக்கானிக் ஏன் அப்போதே திரும்பி வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேள்விப் படிவத்தில் நாற்பத்து நான்கு கேள்விகள் இருந்தன. கடைசிக் கேள்வி, 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' என்பது. அதில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும் தொழில் அவருடையது. கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

இரண்டாம் தடவை போனபோது கேள்வி கேட்டது ஓர் ஆய்வு உதவியாளர். படிப்பை முடித்துவிட்டு வந்த முதல் வேலை. அவள் ஒன்பதாவது கேள்வியைப் படித்தாள்: "உங்கள் விருப்பத்திற்கு மாறாக எவரேனும் உங்களை ஓர் அறையில் அடைத்துவைத்தனரா?"

"ஆமா," என்றார் மெக்கானிக். சத்தம் வெளியே வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி படிவத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, ஆம்னு போட இதுல கட்டம் இல்லையே. இது ஒப்பீட்டுக் குழுவோட வெள்ளைப் படிவம். இல்லைன்னு முன்னாடியே அச்சடிச்சிருக்கு. ஆம் கட்டம் ரோஸ் படிவத்துலதான் இருக்கு."

"ரோஸ் படிவத்த எடுங்களேம்மா."

"அது பீரோவுல இருக்கு. பாதிக்கப்பட்டவங்க வந்தாதான் சாவி குடுப்பாங்க." அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "நான் வேணா குறிப்புல எழுதறேன்ண்ணா. ஆனா குறிப்புல ஆறு வார்த்தைக்கு மேல போனா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

ஆறு வார்த்தையில் எழுதினாள். அதை மூத்த ஆய்வாளர் திருத்தினார். திருத்திய குறிப்பு இது: 'பங்கேற்பாளர் நகைச்சுவை உணர்வு மிக்கவர்.' நாற்பத்து நான்காவது கேள்விக்கு எதிரே, வெள்ளைப் படிவத்தில், 'பொருந்தாது' என்று அச்சாகியிருந்தது. அன்றைக்குத்தான் அவர் அதைப் பார்த்தார். படிவத்தின் நகலை அவர் கையில் கொடுத்து, அடுத்த தேதியைச் சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் வாசல் வரை வந்து, "மன்னிச்சுக்கங்கண்ணா," என்றாள். அடுத்த மாதம் அவளை வேறு ஆய்வுக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் தடவை உடல் பரிசோதனை. விரலில் ஒரு கருவியை மாட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். முப்பத்தொன்றாவது கேள்வியில் அவருடைய நாடி நூற்று இருபதைத் தாண்டியது. கருவியில் கோளாறு என்று வேறு கருவி மாட்டினார்கள். அதிலும் அதேதான். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றார்கள். மூன்று என்றார். பின்னாலிருந்து யாராவது தொட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள். சுவரில் ஒட்டிக்கொள்வேன் என்றார். எல்லாவற்றையும் கவனமாக எழுதிக்கொண்டார்கள். 'எதுவும் நடக்காத ஆணின் இயல்பு நிலை' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டார்கள். அவருடைய எண்ணிக்கைகள் மற்ற ஒப்பீட்டுக் குழுவினரின் எண்ணிக்கைகளோடு அச்சு அசலாக ஒத்துப்போவதாக மருத்துவர் பாராட்டினார்.

மற்ற ஒப்பீட்டுக் குழுவினரை அவர் காத்திருப்புக் கூடத்தில் பார்த்திருந்தார். எல்லோரும் சுவரோரமாகவே உட்கார்ந்திருப்பார்கள். நடு வரிசை நாற்காலிகள் எப்போதும் காலி. யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் வர முடியாது. ஒருநாள் பக்கத்தில் ஒரு பேருந்து நடத்துநர் உட்கார்ந்திருந்தார். சீருடையோடு வந்திருந்தார், நேரே பணிக்குப் போகவேண்டும்.

"உங்களுக்கும் எதுவும் நடக்கலையா?" என்று நடத்துநர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நடக்கல."

"எப்போ நடக்கல?"

"நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டு தடவ நடக்கல," என்றார் நடத்துநர்.

ஒலிபெருக்கி கூப்பிட்டதும் நடத்துநர் எழுந்து, மெக்கானிக்கின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார். முன்பக்கமாக வந்துதான் பிடித்தார்.

நான்காம் தடவை அவர் போன அன்று மையத்தின் இயக்குநர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே. மெக்கானிக் படியேறி வந்துகொண்டிருந்தவர், உள்ளேயிருந்து கதவைக் குத்தும் சத்தத்தைக் கேட்டார். கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் கதவிடுக்கில் வாயை வைத்தார். லிஃப்ட் வேலையில் அதுதான் முதல் பாடம்; ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும்.

"சார், நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. நீங்க பேசிட்டே இருங்க, நான் கேட்டுட்டே வேலையப் பாக்கறேன்."

இயக்குநர் பேசினார். இருபத்திரண்டு நிமிடம் பேசினார். இருட்டாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, கத்தினேன், யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார்", "தெரியும் சார்" என்று சொன்னார்; மேலே மோட்டார் அறைக்குப் போன பிறகும் கயிறு இறங்கும் துளை வழியே குரல் கொடுத்துக்கொண்டே பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை ஆறாவது மாடிக்குக் கொண்டுவந்தார். கதவைத் திறந்ததும் இயக்குநர் அவர் தோளில் சாய்ந்து அழுதார். மெக்கானிக்குக்குச் சுவர் தேவைப்பட்டது. ஆனாலும் அசையாமல் நின்றார்.

மையத்தின் ஆலோசனைப் பிரிவு அன்று மாலையே திறக்கப்பட்டது. அடைபட்ட அறையில் இருபத்திரண்டு நிமிடம் இருந்த அதிர்ச்சிக்காக இயக்குநருக்கு மூன்று அமர்வுகள் ஆலோசனை தரப்பட்டது. ஒரு வார ஓய்வும். எனக்கும் ஓர் அமர்வு கிடைக்குமா என்று மெக்கானிக் ஆலோசகரிடம் கேட்டார். ஆலோசகர் பட்டியலைப் பார்த்தார்.

"நீங்க ஒப்பீட்டுக் குழுவாச்சே. உங்களுக்கு ஆலோசனை குடுத்தா நீங்க சரியாயிடுவீங்க. அப்புறம் எங்க ஆய்வு கெட்டுப்போயிடும்."

வருடக் கடைசியில் ஆய்வு நிறைவு விழா நடந்தது. பங்கேற்பாளர்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைப்பு. பெயரைத்தான் கேட்கவில்லை, முகவரியை வாங்கி வைத்திருந்தார்கள்; வீட்டுக்கே வந்தது. மனைவிதான் உறையைப் பிரித்தாள். 'ஆண்கள் நல ஆய்வு' என்று நாசூக்காகப் போட்டிருந்தார்கள். "ஆஸ்பத்திரிக்கா போயிட்டிருந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள். மருந்துக்கடைக்காரருக்குப் பதில் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடலாம் என்று அவளும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பதினோரு மாதம்! இரவு பகல் பாராமல் தேடினோம். நண்பர்களே, பாதிக்கப்பட்ட ஆண் ஒருவரைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவரைக்கூட! இதைவிட மகிழ்ச்சியான செய்தி ஓர் ஆய்வாளனுக்கு உண்டா? இப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்பதை உலகில் முதன்முறையாக எண்களோடு நிறுவியிருக்கிறோம். அதுமட்டுமல்ல. ஆரோக்கியமான ஆண் எப்படி இருப்பான் என்றும் கண்டறிந்திருக்கிறோம். ஆரோக்கியமான ஆண் மூன்று மணி நேரம் தூங்குவான். கூட்டத்தில் சுவரோரமாக நிற்பான். தொட்டால் அதிர்வான். சில கேள்விகளுக்கு அவன் நாடி நூற்று இருபதைத் தாண்டும். இனி உங்கள் வீட்டு ஆண்கள் இப்படி இருந்தால் பெண்கள் கவலைப்பட வேண்டாம். அது இயல்பு!"

கைதட்டல் எழுந்தது. நாற்காலிகள் நிறையக் காலியாக இருந்தும் இருநூற்றுப் பன்னிரண்டு ஆண்கள் மூன்று பக்கச் சுவரிலும் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கை தட்டவில்லை. ஒவ்வொருவராக மேடைக்குப் போய், 'இவருக்கு எதுவும் நிகழவில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதிய சட்டமிட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டு மறுபடியும் சுவருக்குத் திரும்பினார்கள். சான்றிதழின் கீழே ஐந்து மருத்துவர்களின் கையெழுத்து. பேருந்து நடத்துநர் தன்னுடையதை வாங்கியதும் கண்ணாடிப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி அக்குளில் வைத்துக்கொண்டார்.

கட்டடத்தின் வாசற்படியில் மனைவி மெக்கானிக்கின் சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்தாள். ஐந்து கையெழுத்தையும் படித்தாள்.

"அப்போ உங்களுக்கு ஒண்ணுமே ஆகல," என்றாள்.

அவர் படிக்கட்டின் பக்கச் சுவரோரமாக ஒதுங்கினார்.

"இத்தன டாக்டருங்க பாத்திருக்காங்க. நோயும் இல்ல, நொடியும் இல்ல, எதுவும் நடக்கவும் இல்ல. அப்போ என்னைத்தான் பிடிக்கல. அத முதல்லயே சொல்லியிருக்கலாமே. நாலு வருஷமா கண்ணாடியப் பாத்துப் பாத்து எங்கிட்ட என்ன குறைன்னு தேடிட்டிருந்தேன்." சான்றிதழை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "சரி. நான் நாளைக்குக் கடைக்காரர்கிட்ட வரேன்னு சொல்லிடறேன்."

அவள் இரண்டு படி இறங்கிவிட்டாள். மெக்கானிக் வாயைத் திறந்தார். வழக்கம்போல முதல் வார்த்தை வரவில்லை. அவசர அவசரமாகத் தோள்பையைத் துழாவி, மடித்து மடித்துக் கிழிந்துபோன வெள்ளைப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இத... இத நீ படி. ஒண்ணொண்ணாக் கேளு. நான் பதில் சொல்றேன்."

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்கே."

"அது அச்சடிச்சது. நீ கேளு."

அவள் கேட்டாள். கடையில் மருந்துச் சீட்டைப் படிக்கும் அதே குரலில் வயது, தொழில், கல்வி என்று படித்தாள். ஒன்பதாவது கேள்வியைப் படித்தாள். "ஆமா," என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கேளு," என்றார். பத்து. "ஆமா." பதினொன்று. "மூணு பேர்." அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. படியில் போகிறவர்கள் விலகிப் போனார்கள். எங்கே என்று இருந்தது, சொன்னார். யார் என்று இருந்தது, சொன்னார். முப்பத்தொன்றாவது கேள்வியை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் அதை உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள். அவர் ஆமா என்றார். நாற்பத்து மூன்று வரைக்கும் விடாமல் படித்தாள். மையத்துக்குப் பதினோரு மாதம் பிடித்த வேலை. அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நாற்பத்து நான்காவதை அவள் படிக்கவில்லை. படிவத்தை மடித்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன பண்ணீங்க?"

"குளிச்சேன்."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

"நான் எங்க இருந்தேன்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. நான் எங்க இருந்தேன்?"

"வெளியதான் நின்ன. கதவத் தட்டின. தொட்டித் தண்ணி மொத்தத்தையும் நீங்களே காலி பண்ணப்போறீங்களான்னு சத்தம் போட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இதோ வந்துட்டேன்னு சொன்னேன்."